மூவண்ணக் காற்றாடி

ஆகஸ்டு 16ஆம் நாள் காலையில் உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒருமுறை நடந்து பாருங்கள். முதல் நாள் சட்டைப் பையிலும் சைக்கிள் கைப்பிடியிலும் பெருமையோடு இருந்த சிறு கொடிகள் சாக்கடை ஓரத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் கிடப்பதைக் காண்பீர்கள். காகிதக் கொடி என்றால் ஒரு மழையில் கூழாகிவிடும். பிளாஸ்டிக் கொடியோ அடுத்த சுதந்திர தினம் வரையில் அதே சாக்கடையில் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன், அப்படி மிதிபட்டுக் கிடந்த கொடிகளை என் அக்கா மகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வந்தாள். அவள் அப்போது எட்டாம் வகுப்பு. "சித்தி, இதைக் குப்பையிலே போடலாமா, கூடாதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

சட்டம் சொல்வது என்ன?

நமது தேசியக் கொடியை அரசியல் நிர்ணய சபை 1947 ஜூலை 22 அன்று ஏற்றுக்கொண்டது. அதன் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் 3:2. நடுவில் கருநீலச் சக்கரம். அதில் 24 ஆரக்கால்கள். 1947 ஆகஸ்டு 15 அன்று சென்னைக் கோட்டையில் ஏற்றிய பட்டுக்கொடியை அங்குள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். அதன் அளவு 12 அடிக்கு 8 அடி. வகுத்துப் பாருங்கள், அதே 3:2 விகிதம் வரும்.

கொடியை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதை 'இந்தியக் கொடி விதித் தொகுப்பு, 2002' கூறுகிறது. விழா நாட்களில் கையில் பிடித்து அசைக்கக் காகிதக் கொடி பயன்படுத்தலாம். ஆனால் விழா முடிந்ததும் அதைத் தரையில் வீசக்கூடாது. தனியிடத்தில், மரியாதை குறையாமல் அப்புறப்படுத்த வேண்டும். பிளாஸ்டிக் கொடிக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதலும் பிளாஸ்டிக் கொடிகள் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் உள்ளன.

பலரும் கவனிக்காத விதி இன்னொன்று உண்டு. தேசியக் கொடியைத் தோரணமாகவோ, மலர்போல் மடித்தோ, வேறு எவ்வகையிலோ அலங்காரப் பொருளாகப் பயன்படுத்தக் கூடாது. கொடி மரியாதைக்கு உரியது. அது ஜோடனைக்கு உரிய பொருள் அல்ல. அப்படியானால் வகுப்பறையை எதைக் கொண்டு அலங்கரிப்பது? கொடியின் உருவத்தை விட்டுவிட்டு, அதன் வண்ணங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? அதற்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது காற்றாடி.

ஏன் காற்றாடி?

எங்கள் ஓரிக்கை, காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், பாலாற்றின் வடகரையில் இருக்கிறது. சுதந்திர தினம் ஆடி மாதத்தின் கடைசி நாட்களில் வருகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆற்று மணல்வெளியில் காற்றைத் தடுக்க மரமோ வீடோ கிடையாது. பனையோலையைக் கீறிக் கருவேல முள்ளில் குத்தி, அதைப் பிடித்துக்கொண்டு ஓடிய தலைமுறை எங்களுடையது. அதே காற்றாடியைத்தான் இப்போது தாளில் செய்யப் போகிறோம்.

கடைகளில் விற்கும் தாள் காற்றாடிக்கு நான்கு இறக்கைகள். சதுரத் தாளை மூலைவிட்டங்களில் வெட்டினால் நான்குதான் வரும். நமக்கு வேண்டிய வண்ணங்களோ மூன்று. நான்கை மூன்றால் வகுக்க முடியாது. ஆகவே சதுரத்தை விட்டு வட்டத்துக்குப் போவோம். வட்டத்தின் ஆரத்தைக் காம்பஸில் அப்படியே வைத்துக்கொண்டு பரிதியைச் சுற்றி வந்தால், சரியாக ஆறு புள்ளிகள் கிடைக்கும். ஆறு இறக்கைகள் என்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் இரண்டு. எதிரெதிர் இறக்கைகள் ஒரே வண்ணமாக இருக்கட்டும்.

சமையலறையில் சாயக்கடை

வண்ணத்தாள் வாங்கலாம். ஆனால் விழா முடிந்ததும் மண்ணில் மக்கிப் போகும் பொருளாக இருக்கவேண்டும் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். எனவே சாயத்தையும் வீட்டிலேயே தயாரித்தோம்.

வெள்ளைக்குச் சாயமே வேண்டாம். தாளை அப்படியே விட்டுவிடலாம்.

காவி நிறத்துக்கு முதலில் ஆரத்தித் தண்ணீர் நினைவுக்கு வந்தது. மஞ்சளோடு சிறிது சுண்ணாம்பைக் கலந்தால் சிவந்துவிடும் அல்லவா? அளவாகச் சேர்த்தபோது அழகான ஆரஞ்சு நிறம் கிடைத்தது. பூசி, காயவைத்துவிட்டுப் படுக்கப் போனோம். மறுநாள் காலையில் ஒரே கூச்சல். "சித்தி, நேத்து ஆரஞ்சா இருந்துச்சு, இன்னிக்கு மஞ்சளாயிடுச்சு!"

நடந்தது இதுதான். மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்ற பொருள், காரம் இருக்கும் இடத்தில் சிவந்தும், காரம் இல்லாத இடத்தில் மஞ்சளாகவும் தோன்றும். ஆய்வகத்தில் லிட்மஸ் செய்யும் வேலையை இது வீட்டில் செய்கிறது. தாளில் பூசிய சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, இரவு முழுவதும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாக மாறிவிட்டது. வெள்ளையடித்த சுவரில் சுண்ணாம்பு இறுகுவதும் இதே மாற்றத்தால்தான். காரத்தன்மை குறைந்ததும் மஞ்சள் தன் பழைய நிறத்துக்கே திரும்பிவிட்டது.

இதற்கு மாற்று வாசற்படியிலேயே இருந்தது. கோலத்துக்குக் கரை கட்டும் காவிதான் அது. காவி என்பது இரும்பு ஆக்சைடு கலந்த மண். இரும்பு ஏற்கெனவே துருவாகிவிட்டதால், இனி அது காற்றோடு சேர்ந்து மாறுவதற்கு ஒன்றுமில்லை. சாதம் வடித்த கஞ்சியில் மஞ்சள்தூளையும் சிறிது காவியையும் குழைத்துப் பூசினோம். நிறம் நின்றது. கஞ்சி தாளுக்கு விறைப்பையும் கொடுத்தது. காஞ்சிபுரத்து நெசவாளர்கள் பாவுக்குக் கஞ்சி போடுவதும் இழைக்கு விறைப்பும் வலுவும் தருவதற்காகத்தான்.

பச்சைக்குக் கோவை இலையை அரைத்துப் பிழிந்தோம். இங்கே எதிர்மாறான தொல்லை. இலைச்சாறு சிறிது நேரத்தில் மங்கிப் பழுப்பாகத் தொடங்கியது. இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். அதன் மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. இலையை அரைக்கும்போது அதிலுள்ள அமிலங்கள் வெளிவந்து அந்த மக்னீசியத்தை வெளியேற்றிவிடுகின்றன, பச்சை, பழுப்பாகிறது. புளி சேர்த்துக் கடைந்த கீரையின் நிறத்தை நினைத்துப் பாருங்கள். அமிலத்தை அடக்கக் காரம் வேண்டும். எனவே சாற்றில் துளி சுண்ணாம்பு சேர்த்தோம், பச்சை நின்றது.

பார்த்தீர்களா? ஒரே சுண்ணாம்பு, காவியில் நம்மை ஏமாற்றியது. பச்சையில் நமக்கு உதவியது. எந்தப் பொருளும் நல்லது கெட்டது என்று இல்லை. அது எதனோடு சேர்கிறது என்பதைப் பொறுத்தே பயன் அமைகிறது. ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, சிறு குச்சியால் எடுத்துக் கலக்குங்கள்.

செய்முறை

தேவையானவை: கோடு போடாத வெள்ளைத் தாள், குண்டூசி, துளையுள்ள பாசிமணி இரண்டு, காய்ந்த சோளத்தட்டை ஒன்று. ஒரு காற்றாடிக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது.

1. தாளில் 9 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரைந்து, பரிதியில் ஆறு புள்ளிகள் குறித்து, மையத்தோடு கோடுகளால் இணையுங்கள்.

2. ஆறு பகுதிகளுக்கும் காவி, வெள்ளை, பச்சை, காவி, வெள்ளை, பச்சை என்ற வரிசையில் வண்ணம் தீட்டுங்கள். தாளின் இரு பக்கமும் தீட்ட வேண்டும். மடிக்கும்போது பின்பக்கம்தான் முன்னே தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே தாளைப் பிடித்தால் பின்பக்கக் கோடுகளை எளிதாகக் குறித்துக்கொள்ளலாம்.

3. நன்றாகக் காய்ந்தபின், புத்தகங்களுக்கு அடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு வட்டமாக வெட்டி எடுத்து, ஆறு கோடுகளிலும் விளிம்பிலிருந்து மையம் நோக்கி 7 செ.மீ. வெட்டுங்கள். நடுவில் 2 செ.மீ. வெட்டாமல் இருக்கட்டும்.

4. ஒவ்வொரு பகுதியின் வலது மூலையை மட்டும் மையத்துக்குக் கொண்டுவாருங்கள். மடிப்பை அழுத்தக்கூடாது, வளைவாகவே இருக்க வேண்டும்.

5. நீலம் போட்ட சிறு தாள் பொட்டு ஒன்றை மேலே வைத்து, மணி, பொட்டு, ஆறு மூலைகள், மையம், மீண்டும் ஒரு மணி என்ற வரிசையில் குண்டூசியைச் செலுத்திச் சோளத்தட்டையில் குத்துங்கள். ஊசிமுனை மறுபுறம் வந்தால் மடக்கிவிடுங்கள். துணிக்குப் போடும் நீலமே பொட்டுக்குப் போதும்.

சக்கரத்தைக் காற்றாடியில் வரையவேண்டாம். அது கொடிக்கு உரியது.

சுற்றாத காற்றாடி

நாங்கள் முதலில் செய்த காற்றாடிகளில் பாதி சுற்றவே இல்லை. ஆடிக் காற்றிலும் அசையாமல் நின்றன. காரணம், மணி போதாமல் சிலவற்றைத் தட்டையோடு ஒட்டி இறுகக் குத்திவிட்டார்கள். தாள் முழுவதும் தட்டையில் உராய்ந்தது.

கதவைக் கைப்பிடியருகே தள்ளினால் எளிதில் திறக்கும். கீலுக்கு அருகே தள்ளினால் திறப்பது கடினம். விசை எவ்வளவு என்பது மட்டுமல்ல, அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் செயல்படுகிறது என்பதும் முக்கியம். இரண்டையும் பெருக்கி வருவதே திருப்புவிசை. காற்று இறக்கையை மையத்திலிருந்து ஐந்தாறு செ.மீ. தூரத்தில் தள்ளுகிறது. உராய்வு அதை எதிர்க்கிறது. மணி இருந்தால் உராய்வு, ஊசிக்கு ஒட்டினாற்போல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்தில் மட்டுமே நிகழும். மணி இல்லாவிட்டால், தாள் தட்டையைத் தொடும் இடமெல்லாம் உராய்வுதான். தூரம் பல மடங்காகிறது. மணி உராய்வை ஒழித்துவிடவில்லை. அதை அச்சுக்கு அருகே தள்ளி, அதன் கையைக் குட்டையாக்கிவிடுகிறது. இறுகக் குத்தியவற்றைப் பிடுங்கி மணி கோத்ததும் எல்லாம் சுழன்றன.

சரி, காற்று நேர் எதிரே வீசும்போது காற்றாடி ஏன் பக்கவாட்டில் சுற்றுகிறது? மடித்த இறக்கை ஒரு கிண்ணம் போன்றது. உள்ளே நுழையும் காற்று வளைவில் மோதிப் பக்கவாட்டில் திரும்புகிறது. இறக்கை காற்றை ஒரு பக்கம் திருப்பினால், காற்று இறக்கையை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. எனவே வளைவு முன்னே செல்ல, கிண்ணத்தின் திறந்த வாய் பின்னே வருமாறு காற்றாடி சுழலும். ஆரல்வாய்மொழிக்கு அருகே முப்பந்தலில் நிற்கும் ராட்சதக் காற்றாலைகளும் காற்றைத் திருப்பிவிட்டுத்தான் தாம் திரும்புகின்றன. ஆனால் அவற்றின் இறக்கை கிண்ணமாக இல்லாமல், விமான இறக்கையின் வடிவில் அமைந்திருக்கிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால், அதிலுள்ள ஆற்றல் விநாடிக்கு எட்டு மடங்காகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆடிக் காற்றின் மதிப்பு அப்போது புரியும்.

மூன்று நிறமும் சேர்ந்தால்?

காற்றாடி வேகமாகச் சுழன்றபோது பிள்ளைகள் ஒரு பந்தயம் கட்டினார்கள். மூன்று நிறமும் கலந்து வெள்ளையாகிவிடும் என்றது ஒரு கட்சி. நியூட்டன் வட்டைப் பற்றி அவர்கள் பாடத்தில் படித்திருந்தார்கள். இல்லை, சேறு நிறம்தான் வரும் என்றது மறு கட்சி. ஓவிய வகுப்பில் எல்லாச் சாயத்தையும் ஒரே கிண்ணத்தில் கலந்து பார்த்தவர்கள் அவர்கள்.

காற்றாடியின் வேகம் போதவில்லை. ஆகவே சோடா மூடியைத் தட்டி, இரு துளையிட்டு, நூல் கோத்து இழுத்து இழுத்துச் சுழற்றுவோமே, அந்த விளையாட்டுப் பொருளைப் போல ஒன்று செய்தோம். ஓய்ந்துபோன ஜக்கார்டு அட்டை எங்கள் ஊர்ப்பக்கம் எளிதில் கிடைக்கும். தறியின் மேலிருந்து, துளை உள்ள இடத்தில் இழையைத் தூக்கியும் துளையில்லாத இடத்தில் விட்டும் சேலையில் பூவேலை காட்டும் அட்டை அது. அதை வட்டமாக வெட்டி, ஆறு பகுதிகளாக வண்ணம் தீட்டிய தாளை ஒட்டி, மையத்துக்கு இருபுறமும் துளையிட்டு நூல் கோத்தோம்.

சுழற்றினால் வந்தது வெள்ளையும் அல்ல, சேறும் அல்ல. வெளிறிய சந்தன நிறம்! உங்கள் சாயத்தைப் பொறுத்துச் சற்றுக் கூடக் குறைய இருக்கலாம்.

காரணத்தைப் பார்ப்போம். ஒரு காட்சி மறைந்த பின்பும் அதன் பதிவு நம் கண்ணில் சிறிது நேரம் நிற்கிறது. நிறங்கள் விநாடிக்கு 20, 30 முறைக்கு மேல் மாறி மாறி வந்தால் கண்ணால் அவற்றைத் தனித்தனியே பிரிக்க இயலாது. நல்ல வெளிச்சத்தில் இன்னும் வேகம் வேண்டும். அப்போது கண் அந்த ஒளிகளின் சராசரியை மட்டுமே காண்கிறது. நம் வட்டில் ஒவ்வொரு நிறமும் இருமுறை இருப்பதால், பாதி வேகத்திலேயே இது நிகழும் என்பது ஒரு வசதி.

இப்போது சராசரியைக் கணக்கிடுவோம். வெள்ளைத் தாள் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளியையும் திருப்பி அனுப்புகிறது. காவி, சிவப்பை மிகுதியாகவும் பச்சையைக் கொஞ்சமாகவும் அனுப்புகிறது, நீலத்தை விழுங்கிவிடுகிறது. இலைப்பச்சை, பச்சை ஒளியை அனுப்புகிறது. அதுவும் நீலத்தை விழுங்குகிறது. மூன்றையும் கூட்டினால் சிவப்பு அதிகம், பச்சை அடுத்து, நீலம் மிகக் குறைவு. நீலம் குறைந்த வெளிச்சம் மஞ்சள் சாயலோடு தோன்றும். அதுவே சந்தன நிறம்.

கிண்ணத்தில் சாயங்களைக் கலக்கும்போது நடப்பது வேறு. அங்கே ஒரு சாயம் விட்டுவைத்த ஒளியை அடுத்த சாயம் விழுங்குகிறது. கலக்கக் கலக்க ஒளி குறைகிறது, சேறு மிஞ்சுகிறது. வட்டில் கலப்பது ஒளி. கிண்ணத்தில் கலப்பது நிறமி. ஆகவே இரு கட்சிக்கும் தோல்வி. இரு கட்சிக்கும் பாதி நியாயம்.

"நீலம்தானே குறையுது? அதையும் சேர்த்துப் பாத்தா என்ன?" என்றாள் அக்கா மகள். நல்ல கேள்வி. இதைத்தான் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1850களில் செய்தார். வண்ண வட்டுகளை ஓர் ஆரத்தின் வழியே வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஒவ்வொரு நிறமும் தெரியும் அளவைக் கூட்டியும் குறைத்தும் சுழற்றிப் பார்த்து, நிறக் கலப்புக்கு எண் கணக்கை ஏற்படுத்தினார். நாங்களும் துணிநீலம் பூசிய தாள் வட்டு ஒன்றை அப்படி வெட்டிச் செருகினோம். நீலத்தின் அளவைக் கூட்டக் கூட்ட மஞ்சள் சாயல் குறைந்தது. கால் பங்கை நெருங்கியபோது வட்டு சாம்பல் நிறமாகத் தெரிந்தது. அதற்கு மேல் கூட்டினால் நீலச் சாயல் தலைகாட்டியது.

ஏன் சாம்பல்? ஏன் பளிச்சென்ற வெள்ளை இல்லை? வண்ணம் பூசிய ஒவ்வொரு பகுதியும் தன்மீது விழும் ஒளியில் ஒரு பங்கையே திருப்பி அனுப்புகிறது. சராசரி எப்போதும் மிக வெளிச்சமான பகுதியைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வெளிச்சம் குறைந்த வெள்ளைக்கே சாம்பல் என்று பெயர்.

விழாவுக்கு மறுநாள்

அந்த ஆண்டு எங்கள் தெருப் பிள்ளைகள் வேலியிலும் திண்ணையிலும் காற்றாடிகளைச் செருகி வைத்தார்கள். 16ஆம் தேதி மாலை எல்லாவற்றையும் கழற்றினோம். குண்டூசியும் மணியும் அடுத்த ஆண்டுக்காக டப்பாவுக்குள் போயின. தாளும் சோளத்தட்டையும் எருக்குழிக்குப் போயின. அக்கா மகள் பொறுக்கி வந்த கொடிகளுக்கும் வழி தெரிந்தது: காகிதக் கொடிகளை விதி சொல்வதுபோல் தனியிடத்தில் மரியாதையோடு அப்புறப்படுத்தினோம். பிளாஸ்டிக் கொடிகளைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. மண்ணில் மக்காது; எரித்தால் நச்சுப்புகை. இன்றும் அவை என் மேசையின் இழுப்பறையில் ஒரு கட்டாக இருக்கின்றன. மேலும் ஒன்றுகூட அதில் சேரக்கூடாது என்பதுதான் என் ஆசை.

நீங்களே செய்து பாருங்கள்

1. நான்காம் படியில் வலது மூலைக்குப் பதில் இடது மூலையை மடித்தால் காற்றாடி எந்தப் பக்கம் சுழலும்? முதலில் எழுதிவைத்துவிட்டுப் பிறகு சோதியுங்கள்.

2. கோணமானி இல்லாமல், தாளை மடித்தே ஒரு வட்டத்தை 24 சம பாகமாகப் பிரித்து, நோட்டில் அசோகச் சக்கரம் வரையுங்கள். ஒவ்வொரு பாகமும் 15 பாகை. எத்தனை மடிப்புகள் தேவைப்பட்டன?

3. மஞ்சள் பூசிய தாளில் பாதியில் சுண்ணாம்பு நீரைத் தடவி, அதை இரண்டாக வெட்டுங்கள். ஒரு துண்டை இறுக மூடிய புட்டியிலும் மற்றொன்றைத் திறந்த வெளியிலும் ஓரிரவு வையுங்கள். எது முதலில் மஞ்சளாகிறது? ஏன்?